சில நேரம் மட்டும் மக்கர் செய்யும் வண்டி

ஒரு வண்டி அடியோடு நின்றுபோய்விட்டால் அது ஒரு வகையில் நல்லதுதான். எது கெட்டிருக்கிறதோ அது கெட்டபடியே நம் கண் முன்னால் கிடக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். படாதபாடு படுத்துவது வேறு ஒரு ரகம். காலையில் ஒரே சாவியில் கிளம்பும். பகலில் மூன்று இடங்களில் நிறுத்தினாலும் மூன்று இடங்களிலும் கிளம்பும். நான்காவது இடத்தில் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்கைக் கூட்டி வந்தால், அவர் சாவியைத் திருகியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கிவிடும். பல் வைத்தியர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகிறதே, அந்தக் கதைதான்.

நம் நாக்பூர்த் தமிழர்களில் மெஸ் நடத்துபவர்கள், இட்லி மாவு போடுபவர்கள், வாழை இலையும் பூவும் வரவழைத்து விற்பவர்கள் எனப் பலர் பழைய பிக்கப் வண்டிகளை நம்பித் தொழில் செய்கிறார்கள். புது வண்டி வாங்கும் விலையில் இன்னொரு கடையே போட்டுவிடலாம் என்பதால் பதினைந்து வருட வண்டியையும் பராமரித்து ஓட்டுகிறார்கள். ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். சென்ற கோடையில் வந்த ஒரு வண்டியைப் பற்றி இங்கே விவரமாகவே எழுதுகிறேன். அந்த வண்டிக்கு என்ன கோளாறு என்பதைவிட, அதைக் கண்டுபிடித்த வழி மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

சாவியைத் திருகினால் நடப்பது

அந்தக் காலத்தில் மோட்டார் வண்டிகளை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கை நழுவினால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினியர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் வந்தது. அதன் பிறகு ஹேண்டில் மெள்ள மெள்ள மறைந்தது. நாம் "செல்ஃப்" என்று சொல்வது இந்த மோட்டாரைத்தான்.

இதில் இரண்டு மின்பாதைகள் இருக்கின்றன. முதலாவது சிறிய பாதை. பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வழியாக, செல்ஃப் மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. சாவியைத் திருகியதும் சொலினாய்டு காந்தமாகி "டக்" என்று உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒரு சிறு பல்சக்கரம் முன்னால் நகர்ந்து ஃப்ளைவீல் ரிங்கைக் கவ்விக்கொள்ளும். அதோடு பெரிய பாதையின் செம்புக் கான்டாக்டுகள் ஒன்றோடு ஒன்று சேரும்.

இரண்டாவதுதான் பெரிய பாதை. பேட்டரி பாசிடிவ்விலிருந்து விரல் தடிமன் கேபிள் வழியாக மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குள் நுழையும். ஒரு சிறிய டீசல் எஞ்சினைச் சுற்றும்போது சுமார் 200 ஆம்பியர் ஓடும். முதல் உதைப்பில் அதைவிட அதிகமாகவும் இருக்கும். நம் வீட்டு மின்விசிறி ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரியது என்று புரியும்.

பலரும் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. போன 200 ஆம்பியரும் திரும்பி வந்தாக வேண்டும். மோட்டாருக்குள் போன மின்சாரம் அதன் உடம்பு வழியாக எஞ்சினுக்கு வந்து, எஞ்சினிலிருந்து ஒரு எர்த் பட்டை வழியாகச் சேசிஸுக்கு வந்து, சேசிஸிலிருந்து பேட்டரியின் நெகடிவ் முனைக்குப் போய்ச் சேர வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் ஓடாது. ஆகவே அந்த எர்த் பட்டை ஒன்றுதான் நியாயமான திரும்பும் வழி. மின்சார ரயிலிலும் இதே கணக்குதான். மேலே உள்ள கம்பியிலிருந்து வரும் மின்சாரம் சக்கரம், தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. அது அச்சின் பேரிங்குகளுக்குள் புகுந்து அவற்றைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எர்த் பிரஷ் என்ற தனி வழி வைத்திருக்கிறார்கள். சரியான வழியைக் கொடுக்காவிட்டால் மின்சாரம் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அண்ணாச்சியின் வண்டி

வண்டிக்குச் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மெஸ் நடத்தும் அன்பர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். பூட்டிபோரி தொழிற்பேட்டையில் உள்ள சில தொழிற்சாலைகளுக்கு அவர் மெஸ்ஸிலிருந்து மதியச் சாப்பாடு போகிறது. சாதம், சாம்பார், கூட்டு எல்லாம் பெரிய அண்டாக்களில் ஏறும். ஒரு தொழிற்சாலையில் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் வண்டி நிற்கும். அந்தக் கால் மணி நேரம் கழிந்து கிளப்பும்போதுதான் தொல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் "டக்" என்று ஒரு சத்தம், லேசாக ஒரு முனகல், அதோடு சரி. ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். சாம்பார் அண்டாவோடு ஒரு பிக்கப்பைத் தள்ளிக் கிளப்பும்போது கிளட்ச் விட்டதும் வண்டி குதிக்கும். பின்னால் நிற்கும் பையன் காலில் ஒரு முறை சாம்பார் கொட்டிவிட்டது. சாப்பாடு தாமதமாகிறது என்று ஒரு தொழிற்சாலையிலிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. நாலு மாதத்தில் புது பேட்டரி 7,500 ரூபாய். செல்ஃப் மோட்டாரை முழுக்கப் பிரித்துக் கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு மாற்றியதற்கு 3,800. சாவி சுவிட்ச் 900. மொத்தம் 12,200 ரூபாய். ஒவ்வொன்றும் மாற்றிய பிறகு நாலு நாள், ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

"சார், பேட்டரி புதுசு. செல்ஃபு புதுசு கணக்கு. சாவி சுவிட்சும் மாத்தியாச்சு. இனிமே மாத்துறதுக்கு டிரைவர் ஒருத்தன்தான் பாக்கி" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டிரைவர் பண்டாரா மாவட்டத்துக்காரர். ஆறு வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறார். காத்திருக்கும் நேரத்தில் அவர் பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பேட்டரியைக் காலி செய்கிறார் என்று ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் சொல்லிவிட்டார். பேட்டரி விலையில் பாதியைச் சம்பளத்திலிருந்து தவணையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதாக முடிவும் செய்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, அவரை அனுப்புவது உங்கள் இஷ்டம். ஆனால் அவரிடம் நான் முதலில் பேச வேண்டும். வண்டி படுத்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்" என்றேன். அண்ணாச்சி சம்மதித்தார்.

விளக்கம் கேட்டதில் கிடைத்தது

டீசல் ஷெட்டில் எஞ்சின் வந்து நின்றதும் நாங்கள் முதலில் கையில் எடுப்பது ஸ்பானரை அல்ல, எஞ்சின் ஓட்டி வந்தவர் கோளாறு எழுதி வைத்திருக்கும் புத்தகத்தை. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, என்ன பாரத்தில் என்று அதில் இருக்கும். அதைப் படிக்காமல் ஷெட்டில் வைத்துச் சும்மா ஓட்டிப் பார்த்து, "சோதித்தோம், சரியாக உள்ளது" என்று எழுதி அனுப்பினால் அதே எஞ்சின் மூன்றாம் நாள் திரும்பி வரும்.

டிரைவரிடம் கேட்டேன். எப்போது படுக்கிறது? அதிகாலையில் ஒருநாளும் இல்லை. சூடாக ஓடி நிறுத்திய பிறகுதான். மழைக்காலத்தில்? அப்போதும் உண்டு, ஆனால் வெயில் காலத்தில் அதிகம். சமதரையில் படுத்துக்கொண்டால் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டினால் சில சமயம் உடனே கிளம்பும். அந்த நேரத்தில் முன் விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

"பார்த்திருக்கிறேன் சாஹேப். விளக்கு ஜோராக எரியும். செல்ஃப் அடிக்கும்போதும் மங்காது. அதனால்தான் பேட்டரி மேல் தப்பில்லை என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை."

வேறு ஏதாவது அடிக்கடி கெட்டுப்போகிறதா என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, "ஆக்சிலேட்டர் கேபிள். வருஷத்துக்கு இரண்டு போய்விடுகிறது. உள்ளே பிளாஸ்டிக் உருகிப் பிடித்துக்கொள்கிறது" என்றார்.

இந்த நாலு பதில்களில் பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று பாருங்கள்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் தொல்லை டிசம்பர் அதிகாலையில் வர வேண்டும். நாக்பூரில் அப்போது வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின் ஆயில் கெட்டியாக இருக்கும். பேட்டரியின் சக்தியும் குளிரில் குறையும். டீசலுக்கு அதைவிடக் கடினமான நேரம் கிடையாது. அந்த நேரத்தில் கிளம்புகிற வண்டி, எஞ்சின் சூடாகி ஆயில் இளகிச் சுற்றுவதற்குச் சுலபமாக இருக்கும் நேரத்தில் படுக்கிறது என்றால், குறை சக்தியில் இல்லை. சக்தி போகும் வழியில் இருக்கிறது.

அடுத்து முன் விளக்கு. செல்ஃப் அடிக்கும்போது விளக்கு அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது என்று பொருள். விளக்கு மங்காமல் எரிந்தால் பேட்டரியிடம் யாரும் 200 ஆம்பியர் கேட்கவே இல்லை என்று பொருள். வழியில் எங்கோ தடை இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை.

வண்டியை ஆட்டினால் கிளம்புகிறது என்பது எங்கோ ஒரு இணைப்பு அசைந்து கொடுக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் இதில் இரண்டு காரணங்களுக்கு இடம் உண்டு. ஃப்ளைவீல் ரிங்கில் பல் தேய்ந்திருந்தாலும் கியரில் போட்டு ஆட்டும்போது நல்ல பல் வந்து நின்று கிளம்பிவிடும். ஆனால் பல் தேய்ந்தால் கரகரவென்று அரைக்கும் சத்தம், அல்லது மோட்டார் தனியே வேகமாகச் சுழலும் சத்தம் வர வேண்டும். இங்கே வந்தது "டக்" மட்டும்தான்.

கடைசியாக அந்த ஆக்சிலேட்டர் கேபிள். காலால் மிதிக்கும் பெடல் பாடியில் இருக்கிறது; கேபிளின் மறுமுனை எஞ்சினில் டீசல் பம்பில் இருக்கிறது. இரும்புச் சுருளால் ஆன அந்தக் கேபிள் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு பாலம். அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஏன் உருக வேண்டும்? சரியான வழி அடைபட்டதால் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும் எஞ்சின் எர்த்தின் மேல் என் சந்தேகம் விழுந்தது.

பாரம் ஏற்றாத சோதனை சோதனை ஆகாது

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. இந்த எர்த்தை ஏற்கெனவே ஒரு எலெக்ட்ரீஷியன் சோதித்திருந்தார். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிடிவ்விலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "எர்த் சரி" என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கணக்கு எளிது. இணைப்பில் துருவோ பெயின்டோ இருந்து, ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 வாட் டெஸ்ட் லாம்ப் இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். அந்தத் தடையில் அது இழப்பது ஒரு வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கு பளிச்சென்றுதான் எரியும். அதே தடை வழியாக 200 ஆம்பியர் போனால் 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். தடை மும்மடங்கு ஆனால் மோட்டாருக்கு மிஞ்சுவது எஞ்சினை அசைக்கக்கூடப் போதாது. மீட்டரில் ஓம் வைத்து அளக்கலாமே என்றால், சாதாரண மீட்டரின் ஒயர்களே அதைவிடப் பல மடங்கு தடை உள்ளவை. நூறில் ஒரு பங்கு அதில் தெரியாது.

ரயில்வேயில் புதுப் பாலம் கட்டினால் ஒரு ஆள் நடந்து போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வதில்லை. பாரத்தை ஏற்றி, பாலம் எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள். இங்கேயும் அதேதான். செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த 200 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது, வழியில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்று அளக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ் முனையின் ஈயத்திலும், மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருகினால், எர்த் பக்கத்தில் மொத்தம் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிடிவ் பக்கம், பேட்டரி முனையிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை, 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அடிக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே 10 வோல்ட் அளவுக்காவது நிற்க வேண்டும்.

நான் அளந்த அன்று பாசிடிவ் பக்கம் 0.35. எர்த் பக்கம் 0.6. இயல்பைவிட அதிகம்தான், ஆனால் வண்டி நிற்கும் அளவுக்கு இல்லை. வண்டியும் கிளம்பிவிட்டது. இந்த இடத்தில் பலர் விட்டுவிடுவார்கள். கோளாறு நடக்கிற நேரத்தில் மீட்டர் அங்கே இருக்க வேண்டும். நான் பூட்டிபோரிக்கு தினமும் போக முடியாது.

இரண்டு மீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

ஆளுக்கு 400 ரூபாய் விலையில் இரண்டு டிஜிட்டல் மீட்டர்கள் வாங்கி டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினோம். ஒன்றின் ஒயர்கள் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் போயின. பாசிடிவ் ஒயரில் ஒரு சிறு ஃப்யூஸ் போட்டோம். மற்றொன்றின் ஒயர்கள் பேட்டரி நெகடிவ்வுக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் போயின. டிரைவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். தேதி, நேரம், எஞ்சின் சூடா குளிரா, கிளப்பும் முன் பேட்டரி வோல்ட், சாவியைத் திருகியதும் இரண்டாவது மீட்டர் காட்டியது, கிளம்பியதா இல்லையா என்று ஆறு கட்டங்கள். டிஜிட்டல் மீட்டர் ஒரு நிலைக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், கிளம்பாவிட்டால் சாவியை மூன்று விநாடி பிடித்திருக்கச் சொன்னேன். அதோடு ஒரு ஜம்ப்பர் கேபிளும் கொடுத்தேன். படுத்துக்கொண்டால் தள்ளக் கூடாது. கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ்விலும் மறு முனையை எஞ்சினைத் தூக்கும் கொக்கியிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருக வேண்டும்.

பதினொரு நாளில் 74 முறை வண்டி கிளப்பப்பட்டது. 69 முறை கிளம்பியது. ஐந்து முறை படுத்தது. அந்த ஐந்து முறையும் இரண்டாவது மீட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஐந்து முறையும் ஜம்ப்பர் கேபிளை மாட்டியதும் ஒரே சாவியில் எஞ்சின் எழுந்துகொண்டது. இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த 69 வரிகள்தான். அதிகாலையில் 0.5, 0.6. சூடேறிய பிறகு 0.9, 1.2. வெயில் 45 டிகிரியைத் தொட்ட ஒரு மதியம் 1.7, அன்றும் வண்டி கிளம்பியது, சற்று மெதுவாக. அதாவது "நன்றாக" இருந்த நேரங்களிலும் கோளாறு அங்கேயேதான் இருந்தது. மோட்டார் அதைத் தாங்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றியதால் நமக்குத் தெரியவில்லை. சில நேரம் மட்டும் வரும் கோளாறு என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை எப்போதும் இருக்கும் கோளாறுகள். ஒரு எல்லையைத் தாண்டும்போதுதான் வெளியே தெரிகின்றன.

நோட்டின் நான்காவது கட்டமும் முக்கியமானது. கிளப்பும் முன் பேட்டரி வோல்ட் 74 முறையும் 12.5க்குக் குறையவில்லை. முழுக்கச் சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் இருக்கும், 12.2க்கு வந்தால் பாதி காலி. டிரைவர் பாட்டுக் கேட்டார், உண்மை. பேட்டரி காலியாகவில்லை, அதுவும் உண்மை.

கண்டது என்ன

வண்டியை மேட்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தோம். கியர் பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் செம்புப் பட்டை பார்வைக்கு முழுதாகத்தான் இருந்தது. சேசிஸ் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றினால், லக்கின் அடியில் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. எப்போதோ கிளட்ச் வேலைக்காகக் கியர் பாக்ஸை இறக்கிய பிறகு, பெயின்ட் அடித்த சேசிஸ் மேல் பல் வாஷர் இல்லாமல் பட்டையை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். போல்ட்டின் புரி வழியாக மட்டும் தொடர்பு இருந்திருக்கிறது. அதிலும் துரு ஏறிவிட்டது. லக்கில் பட்டை நுழையும் இடத்தில் இழைகள் பச்சை பூத்துப் பாதிக்கு மேல் இற்றுப்போயிருந்தன. எஞ்சின் சூட்டில் உலோகம் விரிய, இருந்த கொஞ்சத் தொடர்பும் தளர்ந்தது. ஆறியதும் கூடியது. வண்டியை ஆட்டினால் எஞ்சின் ரப்பரின் மேல் அசைந்து பட்டையை இழுக்க, ஒரு நிமிடத்துக்கு நல்ல தொடர்பு கிடைத்தது.

முதலில் ஒரு பேட்டரி ஏன் சீக்கிரம் செத்தது என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. ஆல்டர்னேட்டரும் எஞ்சினில்தான் பூட்டியிருக்கிறது. அது கொடுக்கும் சார்ஜும் இதே எர்த் வழியாகத்தான் சுற்று முடிக்க வேண்டும். வழி கெட்டிருந்தால் பேட்டரிக்கு 14 வோல்ட் அளவில் கிடைக்க வேண்டியது குறைவாகவே கிடைக்கும். பேட்டரி என்றும் அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்து வீணாகும். புதுப் பேட்டரி போட்டதும் சில நாள் நன்றாக ஓடியதற்குக் காரணமும் அதுவே. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது எஞ்சினை அசைத்ததில் பட்டையும் அசைந்து, சில நாள் நன்றாக இருந்திருக்கிறது. மாற்றிய பொருளால் குணமானது போலத் தோன்றும். உண்மையில் மாற்றும்போது பட்ட கை குணமாக்கியிருக்கும். இப்படிப்பட்ட கோளாறுகளில் நம்மை ஏமாற்றுவது இதுதான்.

பரிகாரம் எளிது. சேசிஸிலும் கியர் பாக்ஸிலும் உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தோம். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இரு பக்கமும் லக் வைத்து மெஷினில் பிரஸ் செய்து, பல் வாஷர் போட்டு முறுக்கினோம். முறுக்கிய பிறகு, வெளிப்பக்கம் கிரீஸ் தடவினோம். செலவு 420 ரூபாய். செல்ஃப் அடித்து அளந்தபோது மீட்டர் 0.15 காட்டியது. டிரைவர் இன்னும் ஒரு மாதம் நோட்டு எழுதினார். மே மாத வெயிலில்கூட 0.2ஐத் தாண்டவில்லை. ஒரு முறைகூடப் படுக்கவில்லை.

அண்ணாச்சி நோட்டை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "நோட்டு எழுதுவதை நிறுத்தவா சாஹேப்?" என்று என்னைக் கேட்டார். வேண்டாம், எழுதட்டும் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். இப்போது அதில் ஆயில் மாற்றிய தேதியும் டீசல் கணக்கும்கூட ஏறியிருக்கின்றன.

உங்கள் வண்டியில் என்ன சத்தம்?

எல்லா வண்டிக்கும் எர்த் தான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி எப்படிப் படுக்கிறது என்பதை வைத்துப் பாதையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருகினால் "டக்" சத்தம்கூட இல்லை, விளக்கு நன்றாக எரிகிறது என்றால் சிறிய பாதையைப் பாருங்கள். சாவி சுவிட்ச், அதன் சாக்கெட், சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், அதன் முனையில் உள்ள கிளிப் ஆகியவை. பழைய வண்டிகளில் சூட்டில் மட்டும் இது வந்தால், சொலினாய்டுக்கு அருகில் ஒரு ரிலே போட்டுக் கொடுத்தால் சாவி சுவிட்ச்சின் பாரம் குறையும்.

"டக் டக் டக்" என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்திருக்கும், அல்லது பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும். சொலினாய்டு இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். சமையல் சோடாவை வெந்நீரில் கலந்து கழுவி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கிய பின் வாசலின் தடவுங்கள்.

ஒரே ஒரு "டக்", விளக்கு மங்கவில்லை என்றால் பெரிய பாதை. இரண்டு பக்கமும் மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். இரு பக்கமும் சரியாக இருந்தால் மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். சொலினாய்டுக்குள் செம்புக் கான்டாக்ட் தீய்ந்திருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியையும் செல்ஃபையும் விட்டுவிடுங்கள். டீசல் பக்கம் போங்கள். டீசல் பைப்பில் எங்காவது காற்று புகுந்தால், வண்டி நிற்கும்போது டீசல் டாங்குக்கே திரும்பிவிடும். மூக்கு மேடாக நிறுத்தினால் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் அதுதான் காரணம். பம்ப்பின் மேல் உள்ள டீசல் நிறுத்தும் சொலினாய்டின் ஒயர் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

சில எச்சரிக்கைகள்

ஸ்குரூ டிரைவரைச் சொலினாய்டின் இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்துச் செல்ஃப் அடிப்பது பல இடங்களில் வழக்கம். வண்டி கியரில் இருந்தால் அடியில் இருப்பவர் மேலேயே ஏறிவிடும். வேண்டாம். அளக்கும்போது கியர் நியூட்ரல், ஹாண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை மூன்றும் இருக்கட்டும். எஞ்சின் கிளம்பாமல் அளக்க வேண்டுமானால் டீசல் நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். மோட்டாருக்கு ஆற நேரம் கொடுங்கள். வேஷ்டி, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

கிளட்ச், கியர் பாக்ஸ், எஞ்சின் வேலை எது செய்தாலும், வண்டியை எடுக்கும் முன் எர்த் பட்டையை இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினார்களா என்று நின்று பாருங்கள். பார்த்து வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அண்ணாச்சி வாங்கிய இரண்டு மீட்டர்களையும் ஜம்ப்பர் கேபிளையும் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. நூலகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் ஆறு கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். அதை முதலில் உங்கள் டிரைவர் கையில் கொடுங்கள்.